விட்டுப் பிரிந்த பிறகும் நிற்பது

ஈரோட்டிலோ மதுரையிலோ திருநெல்வேலியிலோ, ஒரு ஜவுளிக்கடைக்கோ மருந்துக்கடைக்கோ மேலே மாடியில் இரண்டு அறை இருக்கும். உள்ளே ஐந்தாறு இளைஞர்கள், அவர்களுக்கு மூத்தவராக ஒருவர். இணையதளம் வடிவமைப்பது, கடைகளுக்குப் பில் போடும் மென்பொருள் எழுதித் தருவது, வேறு யாரோ எழுதிவிட்டுப் போனதைப் பழுது பார்ப்பது அவர்கள் தொழில். தமிழ்நாட்டில் இப்படியொரு சிறு நிறுவனம் இல்லாத நகரம் இன்று அநேகமாக இல்லை. பெரிய ஐ.டி. நிறுவனங்களைப் பற்றி எழுதுகிற அளவுக்கு இவர்களைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. ஆனால் ஊர்ப் பள்ளிக்கூடமும் மகப்பேறு மருத்துவமனையும் மசாலாப் பொடி விற்பவரும் கூட்டுறவுச் சங்கமும் இணையத்தில் எந்த முகத்தோடு தெரிய வேண்டும் என்பது அந்த மாடி அறைகளில்தான் முடிவாகிறது.

எனக்கு இவர்கள் மேல் மரியாதை உண்டு. அந்த மரியாதையோடுதான் கேட்கிறேன்: இப்படிப்பட்ட ஒரு நிறுவனத்துக்குக் கொள்கை இருக்கிறது என்று எதை வைத்துச் சொல்வது? ஒவ்வொரு நிறுவனமும் ‘எங்களைப் பற்றி’ என்ற பக்கத்தில் நேர்மை, தரம், சமூக அக்கறை என்று எழுதி வைத்திருக்கிறது. எழுதியவர்கள் மனதார நம்பித்தான் எழுதியிருப்பார்கள். பணம் ஒழுங்காக வந்துகொண்டிருக்கும் வரை நேர்மையாக இருப்பது யாருக்கும் சிரமமில்லை. உரைத்துப் பார்க்க வேண்டிய நாள் வேறு. “இனிமேல் வேறொருத்தரை வச்சுப் பாத்துக்கிறேன் தம்பி” என்று வாடிக்கையாளர் சொல்லும் நாள் அது.

அந்த நாளில் முதலில் எழும் பிரச்சினை டொமைன். இணையதள முகவரியை ஆண்டுதோறும் பணம் கட்டி யாராவது ஒருவர் பெயரில் பதிந்து வைக்க வேண்டும். வடிவமைப்பவர் தன் கணக்கில், தன் மின்னஞ்சலில் பதிந்துவிடுவது இங்கே பரவலான பழக்கம். பெரும்பாலும் அதில் கெட்ட எண்ணம் கிடையாது. “அண்ணாச்சி, ஓடிபி வரும் சொல்லுங்க” என்று வியாபார நேரத்தில் கடைக்காரரைத் தொந்தரவு செய்ய வேண்டாமே என்ற நினைப்புதான். அவரும் “எல்லாம் நீயே பாத்துக்கோ” என்று விட்டுவிடுவார். சில ஆண்டுகள் கழித்து அந்த முகவரி கடைப் பலகையிலும் பில் புத்தகத்திலும் துணிப்பையிலும் டெம்போ வண்டியின் பக்கவாட்டிலும் அச்சாகியிருக்கும்போது, சட்டப்படி அது தன்னுடையது இல்லை என்பது அவருக்குத் தெரியவருகிறது. வீடு கட்டிக் கொடுத்த மேஸ்திரி பத்திரத்தைத் தன் பேரில் பதிந்து வைத்துக்கொண்டால் தெருவே திரண்டு நியாயம் கேட்கும். இந்தப் பத்திரம் கண்ணுக்குத் தெரியாதது என்பதால் யாரும் கேட்பதில்லை.

நல்ல நிறுவனம் முதல் நாளிலேயே இந்தப் பதிவைச் சரியாகச் செய்து முடித்துவிடுகிறது. டொமைன் கடைக்காரர் பெயரில், ஹோஸ்டிங் கணக்கு அவருடைய மின்னஞ்சலில். எந்தக் கடவுச்சொல் எங்கே இருக்கிறது, காப்பு நகலை எப்படி எடுப்பது, ஒரு படத்தை மாற்ற வேண்டுமானால் எங்கே போக வேண்டும் என்று தமிழில் ஒரு பக்கக் குறிப்பு. விலகிப் போகிறவர் புதிதாக அமர்த்தும் ஆளிடம் அரைமணி நேரம் தொலைபேசியில் பேசி எல்லாவற்றையும் விளக்கிக் கொடுக்கும் பண்பு. இவற்றுக்கு ஆகும் செலவு மிகச் சொற்பம். ஆனால் இவற்றைச் செய்துவிட்ட பிறகு அந்த வாடிக்கையாளர் எந்த நாளும் எழுந்து போகலாம். அவரைப் பிடித்து வைக்க இனி வேலையின் தரம் ஒன்றுதான் மிச்சம். இந்த நிலையில் தன்னைத் தானாகவே கொண்டுபோய் நிறுத்திக்கொள்கிற நிறுவனத்துக்கு நேர்மை என்ற சொல்லை எழுத உரிமை உண்டு என்பேன்.

இதை அவர்கள் மேல் சுமத்தப்பட்ட கூடுதல் சுமையாக நினைக்கக் கூடாது. அவர்களுடைய தொழில் பிறந்ததே இப்படியொரு விட்டுக்கொடுத்தலில்தான். டிம் பெர்னர்ஸ்-லீ ஜெனீவா அருகே செர்ன் ஆய்வுக்கூடத்தில் உருவாக்கிய உலகளாவிய வலையை, 1993 ஏப்ரல் 30 அன்று அந்த ஆய்வுக்கூடம் எல்லோருக்கும் பொதுவென அறிவித்தது. யாரும் பயன்படுத்தலாம், மாற்றலாம், காசு கட்ட வேண்டியதில்லை. அதே ஆண்டின் தொடக்கத்தில் மினசோட்டா பல்கலைக்கழகம் தன்னுடைய ‘கோஃபர்’ என்ற தகவல் அமைப்புக்குச் சிலரிடம் உரிமக் கட்டணம் கேட்கப் போவதாகச் சொல்லியிருந்தது. அன்றைக்கு வலையைவிட கோஃபரே பரவலாகப் புழங்கியது. கட்டணப் பேச்சு எழுந்ததும் அதை நம்பி எதையும் கட்டியெழுப்ப மக்கள் தயங்கினார்கள். சில ஆண்டுகளுக்குள் கோஃபர் ஒதுங்கிப்போய், வலை உலகை நிறைத்தது.

ஈரோட்டு மாடி அறையில் இன்று ஓடுகிற எல்லாம் அந்த வழியில் வந்தவை. 2003இல் தொடங்கிய வேர்ட்பிரஸ் உலக இணையதளங்களில் நூற்றுக்கு நாற்பதுக்கும் மேற்பட்டவற்றைத் தாங்கி நிற்கிறது. அதை இறக்கிக்கொள்ள யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. சர்வரில் ஓடும் லினக்ஸ், பிஎச்பி, தரவுகளைச் சேமிக்கும் மைஎஸ்கியூஎல் எதற்கும் அந்த நிறுவனம் பத்துப் பைசா கொடுத்திருக்காது. பத்தாயிரம், பதினைந்தாயிரம் ரூபாய்க்கு ஒரு பள்ளிக்கூடத்துக்கு இணையதளம் செய்து தர முடிகிறதென்றால், முகம் தெரியாத ஆயிரக்கணக்கானோர் கொடுத்த உழைப்பு அதற்கு அடியில் இருக்கிறது. அவர்களில் ஒருவர்கூட டொமைனைத் தன் பேரில் பதிந்து வைத்துக்கொள்ளவில்லை.

அந்த உழைப்பை யாரும் கவனிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதை 2014 ஏப்ரல் காட்டியது. உலகின் வங்கிகளும் கடைகளும் தங்கள் பரிமாற்றங்களைப் பூட்டி வைக்க நம்பியிருந்த ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற மென்பொருளில் ‘ஹார்ட்பிளீட்’ என்ற ஓட்டை தெரியவந்தது. அந்த மென்பொருளுக்கு ஆண்டுதோறும் வந்துகொண்டிருந்த நன்கொடை சுமார் இரண்டாயிரம் டாலர் என்பது அப்போதுதான் உலகத்துக்குத் தெரிந்தது. கோடிகளில் லாபம் பார்த்தவர்கள் எல்லோரும் அதன் மேல்தான் நின்றிருந்தார்கள்.

சரி, ஒரு சிறு நிறுவனம் இதற்கு என்ன செய்துவிட முடியும்? வாடகை, மின்கட்டணம், ஜிஎஸ்டி, முதல் தேதிச் சம்பளம் என்று மாதத்துக்கு மாதம் மூச்சு முட்டும் இடத்தில் பொதுநலம் எங்கிருந்து வரும்? இந்தக் கேள்வி நியாயமானது. நல்லெண்ணம் மட்டும் இதற்குப் பதிலாகாது. ஆனால் பதில் சொல்லிக் காட்டிய நிறுவனம் ஒன்று இருக்கிறது.

ஸ்பெயினின் வடமேற்கு மூலையில், அட்லாண்டிக் கடலோரம் கலிசியா என்ற பகுதி. ஸ்பானிய மொழிக்கு அருகே தன் சொந்த மொழியைக் காப்பாற்றி வைத்திருக்கும் மண். அங்கே ஆ கொருஞ்ஞா என்ற துறைமுக நகரத்தில் 2001இல் சில பொறியாளர்கள் சேர்ந்து ‘இகாலியா’ என்ற ஆலோசனை நிறுவனத்தைத் தொடங்கினார்கள். கட்டற்ற மென்பொருளில் மட்டுமே வேலை செய்வது என்பது தொடக்கத்திலேயே எடுத்த முடிவு. அங்கே முதலாளி என்று ஒருவர் இல்லை. வேலை செய்கிறவர்களே உடைமையாளர்கள், முக்கியமான முடிவுகள் அவர்கள் கூடும் பேரவையில் எடுக்கப்படுகின்றன. இன்று அவர்கள் நூற்றுச் சொச்சம் பேர், பல நாடுகளில் சிதறியிருந்து வேலை பார்க்கிறார்கள். நம் டிசிஎஸ்ஸில் சுமார் ஆறு லட்சம் பேர் வேலை செய்கிறார்கள் என்பதை நினைத்துக்கொண்டால் இகாலியாவின் அளவு புரியும்.

உங்கள் கைப்பேசியில் குரோம் இருந்தால் இவர்களுடைய உழைப்பும் அதில் இருக்கிறது. முன்பெல்லாம் ஒரு பக்கத்தைப் பத்திகளாகவும் கட்டங்களாகவும் பிரித்து வைப்பதற்கு வடிவமைப்பாளர்கள் படாத பாடு படுவார்கள். டேபிளுக்குள் டேபிள் போட்டு, எங்கோ ஒரு பிக்சல் கூடினால் எல்லாமே சரிந்துவிழும். சிஎஸ்எஸ் கிரிட் என்ற முறை வந்த பிறகுதான் அந்த அவதி தீர்ந்தது. குரோமுக்கும் சஃபாரிக்கும் அடியில் இருக்கும் இயந்திரங்களில் கிரிட்டை எழுதிச் சேர்த்தது இகாலியா. 2017 மார்ச் மாதத்தில் குரோம், ஃபயர்பாக்ஸ், சஃபாரி மூன்றிலும் அடுத்தடுத்து அது வெளிவந்தது.

இதில் நான் திரும்பத் திரும்ப யோசிப்பது, இந்த வேலைக்கு யார் பணம் கொடுத்தார்கள் என்பதைத்தான். நிதிச் சந்தைச் செய்திகளைத் தரும் புளூம்பெர்க் நிறுவனம் கொடுத்தது. தன் திரைகளைச் சீராக அடுக்க அதற்குக் கிரிட் தேவைப்பட்டது. இகாலியா அதை புளூம்பெர்க்குக்கு மட்டும் தனியாக எழுதிக் கொடுத்திருக்கலாம். அப்படிச் செய்யாமல், எல்லோருடைய உலாவியிலும் சேரும்படி எழுதியது. புளூம்பெர்க்குக்கும் அதுவே லாபம், ஏனென்றால் தனக்கென்று உலாவியின் ஒரு தனிப் பிரதியை ஆயுள் முழுக்கப் பராமரிக்கும் செலவு மிச்சமானது. அந்த ஒரு பில்லின் பலனை ஈரோட்டில் மசாலாப் பொடிக்கு இணையதளம் செய்கிற பையன் இன்று இரண்டு வரி எழுதி அனுபவிக்கிறான். இதைத் தர்மம் என்று சொல்ல மாட்டேன். கூலி வாங்கிக்கொண்டு செய்த வேலையைப் பொது இடத்தில் வைத்துச் செய்திருக்கிறார்கள். சிறு நிறுவனத்துக்கு நேரமும் பணமும் எங்கே என்ற கேள்விக்கு இதைவிட நேரான பதிலை நான் பார்த்ததில்லை.

லாபம் தெரியாத இடத்திலும் அவர்கள் கை வைத்திருக்கிறார்கள். கணிதச் சமன்பாடுகளை வலையில் எழுதுவதற்கான மேத்எம்எல் 1998இலேயே தரமாக அறிவிக்கப்பட்டது. குரோம் 2013இல் அதைச் சேர்த்து, அடுத்த பதிப்பிலேயே எடுத்தும் விட்டது. கணிதத்தால் விளம்பரம் விற்காது, அதனால் அவசரமும் இல்லை. பல ஆண்டுகள் உழைத்து அதை மறுபடி உள்ளே கொண்டுவந்தது இகாலியா. 2023 ஜனவரியில் வெளியான குரோம் 109இல் அது திரும்பியது. அதேபோல, மொசில்லா 2020இல் கைவிட்ட ‘சர்வோ’ என்ற உலாவி இயந்திரத்தை 2023 முதல் தூக்கிச் சுமப்பவர்களும் இவர்கள்தான். வளர்ந்த நாடுகள் தங்கள் தேசிய வருமானத்தில் 0.7 விழுக்காட்டை ஏழை நாடுகளுக்குத் தர வேண்டும் என்று ஐக்கிய நாடுகள் சபை 1970இல் கேட்டுக்கொண்டது. பெரும்பாலான நாடுகள் இன்றுவரை தரவில்லை. இகாலியா தன் வருமானத்தில் அந்த 0.7 விழுக்காட்டைத் தொண்டு அமைப்புகளுக்கு ஒதுக்குகிறது.

அமெரிக்காவின் வட கரோலினாவில் இன்னும் சிறிய நிறுவனம் ஒன்று இருக்கிறது. எஸ்கியூலைட் என்ற தரவுக் களஞ்சியத்தைப் பராமரிப்பவர்கள் ஒரு கைவிரல்களுக்குள் அடங்குவார்கள். 2000இல் ரிச்சர்ட் ஹிப் எழுதத் தொடங்கிய அது இன்று ஏறக்குறைய எல்லா ஸ்மார்ட்போனுக்குள்ளும் இருக்கிறது. அதன் நிரலை அவர்கள் பொதுச் சொத்தாகவே விட்டுவிட்டார்கள். 2050 வரை பராமரிப்போம் என்று வாக்குக் கொடுத்து, வேறு யாரும் படித்துத் தொடரக்கூடிய விதத்தில் குறிப்புகளை எழுதி வைத்திருக்கிறார்கள். தங்களுக்குப் பின்னால் வருகிறவர்களை இன்றே மனதில் வைத்து எழுதுகிறவர்கள் என்று அவர்களைச் சொல்லலாம்.

மேத்எம்எல் விஷயத்தை இன்னொரு காரணத்துக்காகவும் சொன்னேன். பார்வையற்ற ஒரு மாணவிக்குப் பாடப் பக்கத்தை அவளுடைய கணினியில் இருக்கும் திரைவாசிப்பான் என்ற மென்பொருள் படித்துக் காட்டுகிறது. சமன்பாட்டைப் படமாக ஒட்டி வைத்தால் அந்த இடத்தில் கணினி மௌனமாகிவிடும், அல்லது ‘படம்’ என்று மட்டும் சொல்லும். மேத்எம்எல்லில் எழுதினால் மேலே என்ன, கீழே என்ன, வர்க்கமூலம் எதற்கு என்று வாசித்துக் காட்ட வழி இருக்கிறது. இந்த மாணவி எந்த நிறுவனத்துக்கும் வாடிக்கையாளர் கிடையாது. கல்லூரிதான் வாடிக்கையாளர். கல்லூரி முதல்வர் திரையில் பார்த்துவிட்டு “அழகா இருக்கு” என்று சொல்லிக் காசோலையில் கையெழுத்துப் போட்டுவிடுவார். மாணவிக்கு அந்தப் பக்கம் திறக்கிறதா என்று முதல்வருக்குத் தெரியாது, அவர் கேட்கவும் மாட்டார். கேட்காதவர்களுக்காக யோசிக்க வேண்டிய பொறுப்பு, செய்கிறவன் தலையில்தான் விழுகிறது.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் மாற்றுத்திறனாளிகள் 2.68 கோடிப் பேர், தமிழ்நாட்டில் மட்டும் சுமார் 11.8 லட்சம் பேர். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இல் வந்தது. வலைப்பக்கங்கள் எல்லோருக்கும் எட்டும்படி இருக்க வேண்டிய முறைகளை உலகளாவிய வலைக் கூட்டமைப்பு 1999லிருந்து எழுதி வெளியிட்டு வருகிறது. ஆனாலும் உலகின் முன்னணிப் பத்து லட்சம் முகப்புப் பக்கங்களை வெப்எய்ம் என்ற அமைப்பு 2025இல் சோதித்தபோது, நூற்றுக்குச் சுமார் 95 பக்கங்களில் கண்கூடான குறைகள் இருந்தன. மிக அதிகமாகத் தென்பட்டது எது தெரியுமா? பின்னணிக்கும் எழுத்துக்கும் நிறம் ஒட்டி மங்கிக் கிடப்பது. அடுத்து, படத்துக்கு மாற்று விளக்கம் எழுதாமல் விட்டது. இரண்டுமே சில நிமிடங்களில் திருத்தக் கூடியவை.

உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரல் 30 அன்று ஒரு தீர்ப்பு வழங்கியது. வங்கிக் கணக்குக்கும் சிம் கார்டுக்கும் இணையவழி கேஒய்சி செய்யும்போது கேமரா முன் கண்ணைச் சிமிட்டிக் காட்டச் சொல்கிறார்கள். அமில வீச்சில் கண்ணும் இமையும் சிதைந்தவர்களும் பார்வையற்றவர்களும் எப்படிச் சிமிட்டுவார்கள்? டிஜிட்டல் சேவைகளை அணுகுவது அரசமைப்பின் 21ஆம் பிரிவு உறுதியளிக்கும் வாழ்வுரிமையின் ஒரு பகுதி என்று நீதிமன்றம் சொல்லி, அரசுக்கு வரிசையாக உத்தரவுகள் இட்டது. வலை எல்லோருக்கும் பொது என்று செர்ன் அறிவித்ததும் ஒரு ஏப்ரல் 30தான். முப்பத்திரண்டு ஆண்டுகள் இடைவெளி. அந்த ‘எல்லோருக்கும்’ என்பதில் கண் சிமிட்ட முடியாதவரும் அடக்கம் என்பதை ஒரு நாட்டின் உச்ச நீதிமன்றம் சொல்லி நிலைநாட்ட அத்தனை காலம் ஆகியிருக்கிறது. அந்தக் கேமரா திரையை வடிவமைத்த அறையில் ஒரே ஒருவர் “சிமிட்ட முடியாதவங்க என்ன பண்ணுவாங்க?” என்று கேட்டிருந்தால் வழக்கே வேண்டியிருந்திருக்காது.

தமிழில் இணையதளம் செய்கிறவர்களுக்கு இந்தப் பொறுப்பு இரட்டிப்பு. திருவிழா அழைப்பு, பள்ளிச் சேர்க்கை அறிவிப்பு, மருத்துவ முகாம் நேரம் எல்லாவற்றையும் அலங்கார எழுத்தில் ஒரு படமாகச் செய்து ஒட்டிவிடுகிறோம். திரைவாசிப்பான் அதைப் படிக்காது, கூகுளும் சரிவரத் தேடித் தராது. யூனிகோடைத் தமிழ்நாடு அரசு 2010லேயே ஏற்றுக்கொண்ட பிறகும் வானவில், பாமினி என்ற பழைய எழுத்துருக்களில் அடித்த ஆவணங்கள் இன்னும் உலவுகின்றன. அவற்றை வெட்டி ஒட்டினால் பொருளில்லாத ஆங்கில எழுத்துக் குவியல்தான் கிடைக்கும். பக்கம் தமிழில் இருக்கிறது என்று நிரலில் ஒரு சின்னக் குறிப்பு வைக்காவிட்டால், தமிழ் உரையை ஆங்கிலக் குரல் வாசிக்கத் தொடங்கித் தடுமாறும். ஆங்கிலச் சொல்லுக்கு அளவெடுத்த பொத்தானில் தமிழ்ச் சொல் அடங்காமல் பாதியில் அறுபடும். ஒற்றை வரி உயரத்தில் நெருக்கி அடித்தால் கொம்பும் சுழியும் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளும், கண் மங்கிய பெரியவர்களுக்கு அது வாசிக்கவே முடியாத பக்கமாகிவிடும். இவை அனைத்தும் எந்த ஒப்பந்தத்திலும் எழுதப்படாத வேலைகள். இவற்றைச் செய்தாலும் கூடுதல் பணம் கிடையாது, விட்டாலும் யாரும் திட்டப்போவதில்லை. அதனால்தான் ஒரு நிறுவனத்தின் மனது இவற்றில் தெரிகிறது.

நமக்கு முன்னால் நடந்தவர்கள் நல்ல தடம் போட்டு வைத்திருக்கிறார்கள். 1998 பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டம், உலகெங்கும் பரந்திருந்த தமிழர்கள் ஓய்வு நேரத்தில் தட்டச்சுச் செய்து, மெய்ப்புப் பார்த்துத் தர, சங்க நூல்களை இலவசமாக வலையில் வைத்தது. கணியம் 2012இல் கட்டற்ற மென்பொருளைத் தமிழில் கற்றுத்தரும் மின்னிதழாகத் தொடங்கி இன்று அறக்கட்டளையாக நிற்கிறது. சென்னையில் லினக்ஸ் பயனர் குழுவினர் பல ஆண்டுகளாக மாதந்தோறும் கூடி, தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொல்லிக் கொடுக்கிறார்கள். விழுப்புரத்தில் 2013இல் உருவான குனு/லினக்ஸ் பயனர் குழு, கிராமத்து மாணவர்களுக்குக் கணினி அறிவைக் கட்டணமின்றிக் கொண்டுபோகிறது. ஐ.டி. வேலை என்றால் சென்னை என்றிருந்த ஒரு மாவட்டத்தில், வார விடுமுறையைக் கொடுத்து இதை நடத்துகிறார்கள்.

சட்டம் இவர்களில் யாரையும் வற்புறுத்தவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். 2013ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் 135ஆம் பிரிவு, லாபத்தில் இரண்டு விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிடச் சொல்கிறது. நிகர மதிப்பு 500 கோடியோ, விற்றுமுதல் 1000 கோடியோ, நிகர லாபம் 5 கோடியோ எட்டிய நிறுவனங்களுக்குத்தான் அது பொருந்தும். மாடி அறை நிறுவனம் அந்தக் கணக்கிலேயே வராது. எனவே அது சமூகத்துக்கு என்ன செய்தாலும் அது முழுக்க அதன் சொந்த விருப்பம். பெரிய நிறுவனங்கள் கட்டும் கழிப்பறைகளையும் வகுப்பறைகளையும் நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் தன் தொழிலுக்கு வெளியே போய்ச் செலவிடுவது ஒன்று, தன் தொழிலுக்குள்ளேயே பொதுவுக்கு இடம் விடுவது இன்னொன்று. சிறு நிறுவனத்துக்கு முதலாவது கைக்கு எட்டாது. இரண்டாவதற்குத் தடையேதும் இல்லை. பிறந்தநாள் கேக்கை ஆதரவற்றோர் இல்லத்தில் வெட்டிப் படம் எடுத்துப் போடுவதைவிட, அந்த இல்லத்தின் இணையதளத்தை ஒழுங்காகச் செய்து, அதன் சாவியை அவர்கள் கையிலேயே கொடுத்துவிட்டு வருவது பெரிய சேவை.

இதையெல்லாம் அருகருகே வைத்துப் பார்க்கும்போது எனக்கு ஒன்று தெளிவாகிறது. விலகும் வாடிக்கையாளருக்கு டொமைனை ஒப்படைப்பதும், தான் எழுதிய கிரிட்டை எல்லா உலாவிக்கும் விடுவதும், முகம் தெரியாத மாணவிக்காகப் படத்துக்கு விளக்கம் எழுதுவதும், விழுப்புரத்தில் ஞாயிற்றுக்கிழமை பாடம் நடத்துவதும் ஒரே செயல். நான் இல்லாமலும் இது உனக்குப் பயன்பட வேண்டும் என்பதுதான் இந்த நான்கிலும் இருக்கும் மனநிலை. தன்னை விட்டால் வேறு வழியில்லை என்ற நிலையில் பிறரை வைத்திருப்பவன் எவ்வளவு இனிமையாகப் பேசினாலும், எத்தனை நன்கொடை கொடுத்தாலும், அவன் கொடுப்பதில் ஒரு கயிறு கட்டியிருக்கிறது. தன்னை விட்டுப் பிரிகிற சுதந்திரத்தையும் சேர்த்துக் கொடுப்பவன்தான் முழுதாகக் கொடுக்கிறான். மாணவனைத் தன்னிடமே என்றைக்கும் நிறுத்தி வைத்துக்கொள்ள நினைக்கும் ஆசிரியரை நாம் நல்லாசிரியர் என்று சொல்வதில்லை. ஒரு நிறுவனத்தின் கொள்கை அது நடக்கும் காலத்தில் எழுதும் வாசகங்களில் தெரியாது. அது மூடப்பட்ட மறுநாள், அதை நம்பியிருந்த பள்ளிக்கூடமும் மருத்துவமனையும் தங்கள் வேலையைத் தடங்கலின்றித் தொடர முடிகிறதா என்பதில் தெரியும்.

சிறு நிறுவனங்கள் மூடப்படுவது சகஜம். ஐந்தாறு பேரில் இருவர் பெங்களூருக்குப் போனால் அறை காலியாகிவிடும். மூத்தவருக்கு உடம்பு முடியாமல் போகலாம். அவர்கள் செய்துவிட்டுப் போனது திறந்த நிரலில், உரியவர் பெயரில், எழுதப்பட்ட குறிப்போடு இருந்தால், அந்த அறை காலியானதை ஊர் உணராது. அந்தத் தொழிலுக்கு இதைவிடப் பெரிய மரியாதை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

ஆகவே இந்தத் தொழிலில் இருக்கும் தம்பி, தங்கைகளிடம் ஒரு வேண்டுகோள். நீங்கள் செய்து கொடுத்த இணையதளங்களில் ஒன்றை இந்த மாதம் எடுத்துக்கொள்ளுங்கள். பள்ளிக்கூடத்துடையதோ மருத்துவமனையுடையதோ இருந்தால் நல்லது. என்விடிஏ என்ற திரைவாசிப்பானை நிறுவுங்கள். ஆஸ்திரேலியாவில் பார்வையற்ற இளைஞர் இருவர் வளர்த்தெடுத்த அது 2006லிருந்து இலவசமாகக் கிடைக்கிறது. திரையை அணைத்துவிட்டு, மவுஸைத் தொடாமல், அந்தத் தளத்தில் இருக்கும் சேர்க்கைப் படிவத்தையோ முன்பதிவுப் படிவத்தையோ கடைசி வரை நிரப்பிப் பாருங்கள். எங்கே நிற்கிறதோ அங்கே சரிசெய்யுங்கள். குறை நீங்கள் எழுதியதில் இல்லாமல், நீங்கள் பயன்படுத்திய பிளக்-இன்னிலோ தீமிலோ இருந்தால், திருத்தத்தை உங்கள் கணினியிலேயே வைத்துக்கொள்ளாமல் அதை எழுதியவர்களுக்கு அனுப்பி வையுங்கள்.